புரோகிராமில் இருந்த கடல்

என் வீட்டுக்காரர் எலியேசர் ஒரு வேலையைச் செய்வதைவிட அதற்குப் புரோகிராம் எழுதுவதில் கெட்டிக்காரர். ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் பள்ளிக்கூடத்துக்குத் தலைமை வாத்தியாராக வந்த நாளிலிருந்து இது நடக்கிறது. பங்குனி பிறந்ததும் ஒரு முழுத் தாளை எடுத்து, சுற்றிலும் கோடு கிழித்து, ‘கோடை லீவு புரோகிராம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, காலண்டர் ஆணியில் தொங்கவிட்டுவிடுவார். முதல் இரண்டு நாள் வீட்டுக்கு வெள்ளையடிப்பு. அடுத்த ஐந்து நாள் ராஜபாளையத்தைத் தாண்டிச் செட்டியார்பட்டியில் அவருடைய சித்தப்பாவின் மாந்தோப்பு. அதில் ஒரு நாள் அய்யனார் கோவில் ஆற்றில் குளியல். ‘குளியல் மட்டும்’ என்று பக்கத்தில் குறித்திருப்பார், சபையில் யாராவது கேட்டால் காட்டுவதற்கு. அதற்கப்புறம் எட்டு நாள் கடற்கரை, பெரியதுறை. ஒவ்வொன்றும் முடிந்ததும் அதற்கு நேரே சிவப்பு மையால் ஒரு டிக் போடுவார். போன வருஷம் வரைக்கும் எந்தப் புரோகிராமிலும் கடைசி வரிக்கு நேரே டிக் கிடையாது.

பெரியதுறை நான் பிறந்த ஊர். திருச்செந்தூருக்குத் தெற்கே கரையோரமாக நாலு மைல். ஊரே கடலுக்குப் போகிற ஊர். என் பேர் கித்தேரி. அந்தப் பேரைக் கேட்டதுமே நான் மாதா கோவில்காரி என்று தெரிந்துபோகும். இவரோ புரொட்டஸ்டாண்டு. இரண்டு கூட்டத்துக்கும் சாமி ஒன்றுதான், ஆனால் ஒரு கோவிலுக்குள் சேர்ந்து உட்கார மாட்டார்கள். நாசரேத்தில் வாத்தியார் டிரெயினிங் படித்துக்கொண்டிருந்த இவருக்கு என்னை எப்படித் தெரியும் என்பதை இங்கே எழுதினால் என் பெண்கள் படிப்பார்கள். ஆகையால் எழுதவில்லை. நான் இவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நின்றேன். என் அப்பா வாசலில் நின்று சொன்னார், “போறது போற. இனிமே ஒன் கடுதாசிகூட இந்த வாசப்படியை மிதிக்கப்பிடாது.”

சரி என்று வந்துவிட்டேன். பன்னிரண்டு வருஷமாக ஒரு வரி எழுதவில்லை. கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்புப் படித்தவள், எழுதத் தெரியாமல் இல்லை. ரோஷம்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் கருவாடு விற்க வந்த ஒருத்தி, பேச்சோடு பேச்சாக, என் அப்பா காலமாகி இரண்டு மாதம் ஆகிறது என்று சொன்னாள். வீட்டில் யாரும் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு சோறு வடித்தேன். இப்போது அந்த வீட்டில் இருப்பது என் அண்ணன் தொம்மை. நான் என் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு அந்த வாசலில் போய் நிற்கவேண்டும், தொம்மையண்ணன் ‘வா’ என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும். எனக்கு வேண்டியது அதுதான். கடல் என்று நான் சொன்னதெல்லாம் அந்த ஒரு வார்த்தையைத்தான்.

இவருக்கும் அது தெரியும். தெரிந்தும், ஒவ்வொரு வருஷமும் மாந்தோப்பு முடிந்து மூட்டை கட்டுகிற நேரத்தில் ஏதாவது ஒரு காரணம் முளைக்கும். ஒரு வருஷம் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றார். ஒரு வருஷம் முதுகில் கட்டி என்று குப்புறப் படுத்துக்கொண்டார். ஒரு வருஷம் கடலில் புயல் என்றார், வானம் கழுவித் துடைத்தது போல இருந்தது. என் ஆட்களைப் பார்க்கப் பயப்படுகிறார் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். பயந்தாங்கொள்ளி என்று முகத்துக்கு நேரேயும் சொல்லியிருக்கிறேன். கேட்டுக்கொண்டு பேசாமல் இருப்பார்.

இவருடைய இன்னொரு பழக்கத்தையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். இவர் யாருக்குக் கடிதம் எழுதினாலும், உறையை ஒட்டுவதற்கு முன்னால் ஒரு துண்டுப்பிரதியை மடித்து உள்ளே வைத்துவிடுவார். மிஷனிலிருந்து கட்டுக் கட்டாக வரும் அந்த அச்சடித்த வேதப்பிரசங்கத் தாள்கள் மேஜை டிராயர் நிறைய இருக்கும். சீமைச்சுண்ணாம்பு வேண்டுமென்று கடைக்கு எழுதினாலும் ஒரு பிரதி போகும். ஒரு தடவை லீவு கேட்டு மேலதிகாரிக்கு எழுதிய விண்ணப்பத்தோடு ‘இன்றே மனந்திரும்பு’ போய்ச் சேர்ந்தது. அவர் கூப்பிட்டு, நான் எதிலிருந்து திரும்பவேண்டும் என்று கேட்டாராம். அதற்குப் பிறகும் இவர் கை நிற்கவில்லை. நாம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற மாதிரி, யோசிக்காமல் அது பாட்டுக்குப் போகும்.

இந்த வருஷம், அதாவது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில், புரோகிராம் ஆணியில் ஏறிய அன்று என் மூத்தவள் ஜெயக்கொடி அதன் கீழே நின்று படித்தாள். அவளுக்குப் பதினொரு வயது. ஜூன் மாதம் பாளையங்கோட்டையில் போர்டிங் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். அதற்கப்புறம் லீவுக்கு வந்தாலும் அவள் விருந்தாளி மாதிரிதான்.

“அப்பா, கடல் இந்த வருசமும் சும்மா எழுதிப் போட்டதுதானா?” என்று கேட்டாள்.

சின்னவள் தேவகிருபை, ஏழு வயது, கடல் என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறதா என்று அக்காவிடம் கேட்டாள். இவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் உலையில் இரண்டு தடவை உப்பைப் போட்டுவிட்டேன்.

நாலைந்து நாள் கழித்து, தபால்காரர் பால்சாமி வந்தார். பள்ளிக்கூடத்துக்கு வந்த தபாலை என்னிடம் கொடுத்துவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்தார். குடித்து முடித்துச் செம்பை வைத்தபோது சாதாரணமாகக் கேட்டார்.

“வாத்தியாரம்மா, பெரியதுறைக்குப் போட்ட கடுதாசிக்கு இந்த வருசமாச்சும் பதில் வருமா? அய்யா வருசா வருசம் பங்குனியில என் கையிலதான் குடுப்பாவ. நானும் பதில் வருதா வருதான்னு பாத்துக்கிட்டேதான் இருக்கேன்.”

எத்தனை வருஷமாக என்று கேட்டேன். அய்யா இந்த ஊருக்கு வந்ததிலிருந்து என்றார். அவர் போன பிறகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏழு வருஷமாக, நான் ஏசுகிற ஏச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு, இந்த மனுஷன் என் வீட்டு வாசலில் கடிதத்தால் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். ஒவ்வொரு வருஷமும் பதில் வராத நாளில்தான் அவருக்கு முதுகில் கட்டி வந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. அவரை ஓடிப்போய்ப் பார்க்கவேண்டும் போலவும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் அறுபது பிள்ளைகள் இருப்பார்களே என்று அடக்கிக்கொண்டேன்.

சாயங்காலம் வந்தவரிடம் மோரைக் கொடுத்துவிட்டுக் கேட்டேன். பொய் சொல்ல அவருக்கு வராது. கையில் மோரோடு நின்றபடியே சொன்னார்.

“பதில் வரலைன்னு ஒனக்குத் தெரிஞ்சா ஒடிஞ்சு போவ, கித்தேரி. நான் பயந்தவன்னு நீ நெனைச்சா அதுல ஒண்ணும் குறைஞ்சு போகலை.”

என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். எதையும் நகல் எடுத்து வைக்கிறவர், ஒரு நோட்டை எடுத்து வந்தார். ஏழு கடிதத்தையும் படித்தேன். முதல் மூன்று என் அப்பாவுக்கு, பிந்தின நாலும் அண்ணனுக்கு. அப்பா காலமான பிறகு எழுதியதில் துக்கம் விசாரித்து ஒரு பக்கம் இருந்தது. படிக்கிறவன் கல்லாக இருந்தாலும் கரையவேண்டும். மரியாதையில் ஒரு குறை இல்லை. லீவுக்குப் பிள்ளைகளோடு வந்து தங்களைப் பார்த்துப்போக உத்தரவு வேண்டும் என்றுதான் ஒவ்வொன்றிலும் முடித்திருந்தார். இதற்கா பதில் இல்லை என்று என் ஆட்கள்மேல் கொதித்துக்கொண்டு வந்தது. அப்போதுதான் ஒரு சந்தேகம் தட்டியது.

“உறைக்குள்ள வேற என்ன வச்சீங்க?”

“வேற ஒண்ணும் வைக்கலையே. வழக்கமா வைக்கிறதுதான்.”

டிராயரைத் திறந்து பிரதிக் கட்டுகளை எடுத்துப் பார்த்தேன். ‘இன்றே மனந்திரும்பு’ ஒரு கட்டு. ‘மரச்சிலை கேட்குமா?’ ஒரு கட்டு. ‘ஜெபமாலை உருட்டினால் மோட்சம் கிட்டுமா?’ என்று ஒரு கட்டு. அதில்தான் அதிகம் குறைந்திருந்தது. என் அப்பா கையில் ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டுதான் தூங்குவார். கடலுக்குப் போகும்போது மாதா சொரூபத்தைத் தொட்டுக் கும்பிடாமல் கட்டுமரத்தில் ஏறமாட்டார். அவர் வீட்டில் பெண் எடுத்த மருமகன், பெண்ணை அனுப்பாமல், வருஷத்துக்கு ஒன்றாக இதை அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

“இதையா எங்க அப்பாவுக்கு அனுப்புனீங்க?”

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். அதுவரைக்கும் தலைப்பையே பார்த்ததில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. மேலே இருப்பதை எடுத்து மடித்து வைத்ததுதான் அவருக்குத் தெரியும். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மோர் வேட்டியில் கொட்டியதுகூடத் தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்க அழுகையும் வந்தது. ஜெயக்கொடி ஓடி வந்து, அம்மாவுக்கு என்ன என்று கேட்டாள். அப்பா ஊழியம் செய்திருக்கிறார் என்று சொன்னேன்.

மறுநாள் காலையில் இவர் இன்னொரு கடிதம் எழுத உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்டு நாலு பக்கம் எழுதப்போகிறாராம். வேண்டாம், பேனாவை இப்படிக் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டேன். பன்னிரண்டு வருஷத்து ரோஷத்தை முழுங்க எனக்கு ஒரு காலைப்பொழுது ஆயிற்று. அப்பா சொன்ன சொல் அப்பாவோடு போயிற்று என்று சொல்லிக்கொண்டேன். தாளின் தலையில் ‘சே.ம.சூ.’ என்று எழுதினேன். சேசு, மரி, சூசை என்று மூன்று பேரையும் சொல்லாமல் எங்கள் ஊரில் கடுதாசி தொடங்க மாட்டார்கள். இந்த வீட்டில் அந்த மூன்று எழுத்தை நான் எழுதுவது அதுதான் முதல் தடவை. இவர் பக்கத்தில் நின்று பார்த்தார். மைக்கூட்டை என் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தார். அந்த நகர்த்தலுக்காக நான் அவருடைய ஏழு வருஷத்துப் பிரதிகளையும் மன்னித்தேன்.

அதிகம் எழுதவில்லை. அண்ணனுக்குக் கித்தேரி எழுதிக்கொள்வது, எனக்கு இரண்டு பெண்கள், லீவு விட்டதும் கூட்டிக்கொண்டு வரலாம் என்று நினைக்கிறேன், அவிய அனுப்பின அச்சுக்காகிதத்தையெல்லாம் மனசில் வைக்கவேண்டாம், அது கைப்பழக்கம், குத்திக்காட்டியது இல்லை. இவ்வளவுதான். எந்தத் தேதியில் வருகிறோம் என்று மட்டும் வேண்டுமென்றே எழுதவில்லை. தேதி சொல்லி, அன்றைக்கு ரயிலடியில் யாரும் இல்லாமல் போனால், அதுவே பதிலாகிவிடும். அதைத் தாங்க எனக்குத் தெம்பில்லை. உறையை நானே ஒட்டினேன். இவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

பள்ளிக்கூடம் அடைத்தார்கள். வெள்ளையடிப்புக்கு டிக் விழுந்தது. பதில் வரவில்லை. வந்தால் செட்டியார்பட்டிக்குத் திருப்பி அனுப்பும்படி பால்சாமியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். சித்தப்பா வேதசிரோமணி வண்டியோடு ராஜபாளையம் ரயிலடிக்கு வந்திருந்தார். தோப்பில் சப்பட்டை மாம்பழம் காய்த்துத் தள்ளியிருந்தது. பிள்ளைகள் முழங்கை வரை சாறு வழியத் தின்றார்கள். சித்தப்பா வீட்டுச் சின்னாத்தாள் எனக்கு வேலை வைக்கவில்லை. மரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்திருக்கச் சொன்னாள். நான் படுத்திருந்தாலும் கண் பாதையில்தான் இருந்தது. சைக்கிள் மணி கேட்டால் எழுந்து உட்காருவேன். பக்கத்துத் தோப்புக்கார ராஜு வீட்டு வண்டிக்காரர் ஒருநாள் வேலியோரம் நின்று ‘உத்தரம் ஒச்சிந்தா அம்மா’ என்று கேட்டார். கடிதம் வந்ததா என்று அவர் தெலுங்கில் கேட்கிறார். அந்த அளவுக்கு நான் காத்திருந்தது ஊருக்கே தெரிந்துபோயிருந்தது.

மூன்றாம் நாள் அய்யனார் கோவில் ஆற்றுக்குப் போனோம். கோடையில் தண்ணீர் குறைவுதான். பாறை இடுக்கில் இடுப்பளவு தேங்கிக் கிடந்தது, ஐஸ் மாதிரி. தேவகிருபை அதற்குள் இறங்கி நின்று, கடல் இதைவிடப் பெரிசா என்று கேட்டாள். கொஞ்சம் பெரிசு என்றேன். இவர் தலையில் எண்ணெயோடு பாறைமேல் உட்கார்ந்திருந்தவர், வழக்கம்போலக் கோவிலுக்கு வந்தவர்களிடம் பிரதி நீட்ட மடியில் கையை விட்டார். பிறகு என்னைப் பார்த்தார். கையை வெறுமனே வெளியே எடுத்தார். அன்று சாயங்காலம் பையில் இருந்த பிரதிகளை எல்லாம் சித்தப்பாவிடம் ஒப்படைத்துவிட்டார். நான் சொல்லவில்லை.

ஐந்தாம் நாளும் பதில் வரவில்லை. இவர் மெதுவாகப் பேச்செடுத்தார். இந்த வருஷம் வீட்டுக்குத் திரும்பிவிட்டு, இன்னொரு கடிதம் போட்டுப் பார்த்து, தசரா லீவுக்கு என்று இழுத்தார். ஜெயக்கொடி துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காததுதான் என்னைக் கிளப்பியது.

“பதில் வந்தா என்ன, வராட்டா என்ன. கடல் ஒண்ணும் அவுகளுக்கு மட்டும் இல்ல. போவோம்,” என்றேன். “கதவைத் திறக்கலைன்னா கரையில நின்னு பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டிட்டு வந்துருவோம்.”

சின்னாத்தாள் ஒரு கூடை மாம்பழம் கட்டிக் கொடுத்தாள். யாருக்கு என்று நான் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை. ராஜபாளையத்தில் வடக்கே போகிற வண்டியை விட்டுவிட்டு, தென்காசி வண்டியில் ஏறினோம். தென்காசியில் மாறி, திருநெல்வேலியில் தங்கி, மறுநாள் காலையில் திருச்செந்தூர் வண்டி. பிள்ளைகளுக்கு ஜன்னலோரம் சண்டை. ஆறுமுகநேரி தாண்டியதும் காற்றில் உப்பு வாடை வந்தது. பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகும் என் மூக்குக்கு அது தெரிந்தது. அங்கேயே இறங்கித் திரும்பிவிடலாமா என்று தோன்றியது. என் கைவிரலை இவர் பிடித்துக்கொண்டார். எல்லோர் முன்னாலும் கையைப் பிடிக்கிற மனுஷன் இல்லை.

வண்டி நின்றது. பிரயாணிகள் எல்லோரும் கோவிலுக்குப் போகிறவர்கள், மூட்டை முடிச்சோடு இறங்கிப் போனார்கள். கூட்டம் கலைந்ததும் பிளாட்பாரத்துக் கடைசியில், வேப்பமரத்து நிழலில், ஒருவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. நிற்கிற நிலையை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். கரையில் நிற்கும்போதும் ஒரு காலைச் சற்று மடக்கித்தான் நிற்பார்.

நான் மூட்டையைப் போட்டுவிட்டு நின்றேன். அவர் வந்து என் எதிரில் நின்று, என்னை விட்டுவிட்டுப் பிள்ளைகளைப் பார்த்தார்.

“இன்னைக்கு எட்டாம் நாள்,” என்றார். “லீவு விட்டதும் வாரேன்னு எழுதுனியே, எந்தத் தேதின்னு ஒரு எழுத்து எழுதப்பிடாதா, ஏட்டி? ரெண்டு வண்டிக்கும் வந்து வந்து பாத்துட்டுப் போறேன். கடலுக்குப் போகாம மரம் எட்டு நாளா மணல்ல கெடக்கு. வா.”

அந்த ‘வா’தான். நான் எத்தனையோ விதமாக அதைக் கேட்டுப் பார்த்திருந்தேன், கனவிலும் நினைப்பிலும். இப்படி எரிச்சலோடு வரும் என்று நினைக்கவில்லை. அதுதான் நன்றாக இருந்தது. நெஞ்சில் பன்னிரண்டு வருஷமாக உட்கார்ந்திருந்தது இறங்கி வண்டியேறிப் போய்விட்ட மாதிரி இருந்தது. ஏன் பதில் எழுதவில்லை என்று இவர் கேட்டார். கடுதாசி படித்துச் சொன்ன கோவில் உபதேசியார் மறுநாளே தூத்துக்குடிக்குப் போய்விட்டாராம். எழுத வேறு ஆள் இல்லை, ரயிலடிக்கு நடந்து வருகிறது அதைவிட லேசு என்று நினைத்தாராம் அண்ணன்.

பெரியதுறைக்கு மாட்டுவண்டியில் போகிற வழியெல்லாம் இடது பக்கம் கடல். பிள்ளைகள் வண்டிக்கு வெளியே கழுத்தை நீட்டிக்கொண்டே வந்தார்கள். வீட்டு வாசலில் வண்டி நின்றபோது, அப்பா நின்ற அந்தப் படியில் மதினி தண்ணீர்ச் செம்போடு நின்றாள். நான் தயங்கவில்லை என்று சொன்னால் பொய். சின்னவள் தடுக்கி என்மேல் மோதியதில் படியை மிதித்துவிட்டேன்.

மீன்குழம்பும் சோறும் ஆன பிறகு, பிள்ளைகளை மதினி தண்ணீருக்குக் கூட்டிப் போனாள். அண்ணன் உள்ளே போய் அப்பாவின் தலைமாட்டுப் பெட்டியை எடுத்து வந்தார். உள்ளே அப்பாவின் ஜெபமாலை இருந்தது. அது சுற்றியிருந்த காகிதக் கட்டை எடுத்து இவரிடம் நீட்டினார். ஏழு துண்டுப்பிரதியும் இருந்தன. முதல் மூன்றும் மடித்த மடிப்பில் கிழிந்துபோயிருந்தன. மேலாக இருந்தது ‘ஜெபமாலை உருட்டினால் மோட்சம் கிட்டுமா?’ இவருக்குத் தலை நிமிரவில்லை. மன்னிக்கணும் என்று ஏதோ தொடங்கினார்.

“இருக்கட்டும், மாப்பிள,” என்றார் அண்ணன். “உபதேசியார் படிச்சுச் சொன்னப்ப அப்பாவுக்கு வந்த கோவம் கொஞ்சநஞ்சமில்ல. நம்மளை வேதம் மாத்தத்தான் வரப்பாக்காருன்னு கடுதாசியைக் கிழிச்சுப் போட்டாவ. பொறவு சாயங்காலமா இதை மட்டும் தேடி எடுத்துத் தலகாணிக்கு அடியில வச்சுக்கிட்டாவ. கித்தேரி வீட்டுலருந்து வந்தது, கிடக்கட்டும்னாவ. அடுத்ததுக ரெண்டும் அப்படித்தான். அவிய போன பொறவு வந்ததை நான் கூடச் சேத்து வச்சேன்.”

அப்பா என்னைப் பற்றி வேறு ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். அண்ணன் கடலைப் பார்த்தபடி சொன்னார்.

“தபால்காரன் வந்தா, ‘என் மக கையெழுத்தா’ன்னுதான் அப்பா கேப்பாவ. இல்ல, மாப்பிளை எழுத்துன்னு உபதேசியார் சொல்லுவாரு. கடுதாசி வரப்பிடாதுன்னு ஒரு கோவத்துல சொன்னாவ. பொறந்ததுலருந்து அப்பா சொன்னதுல நீ கேட்டது அது ஒண்ணுதாம்ட்டி.”

பிரதிகள்மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக வந்திருந்தேன். அப்பா காத்திருந்தது என் கையெழுத்துக்கு. அண்ணன் முன்னால் முகத்தை மூடிக்கொண்டு வாய்விட்டு அழுதேன். பன்னிரண்டு வருஷத்துக்கும் சேர்த்து அழுதேன். அண்ணன் தடுக்கவில்லை. இவர் அந்த ஏழு தாளையும் மடிப்புக் கலையாமல் திரும்ப ஜெபமாலையால் சுற்றி, பெட்டிக்குள் வைத்தார். அழுது முடித்தபோது உடம்பு லேசாக இருந்தது. குறை இருந்தது, அது இனி இருக்கும். ஆனால் கதவு திறந்திருந்தது. வெளியே தேவகிருபை அலை துரத்தத் துரத்த, கொஞ்சம் பெரிசுன்னியே அம்மா என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

எட்டு நாளும் இருந்தோம். இவர் புரோகிராம் தாளைப் பையில் கொண்டுவந்திருந்தார். சிவப்பு மை இல்லை என்று தவித்தார். மதினியிடம் மஞ்சளும் சுண்ணாம்பும் வாங்கிக் குழைத்து, விரலால் டிக் போட்டுக் கொடுத்தேன்.

கிளம்புகிற அன்று அண்ணன் வண்டிக்குப் பக்கத்தில் நடந்து வந்தார். ஊர் போய்ச் சேர்ந்ததும் கடுதாசி போடு என்றார். என் கையால் போடுகிறேன், உறைக்குள் வேறு ஒன்றும் இருக்காது என்றேன்.

“அந்தக் காயிதம் ஒண்ணையும் வைக்கச் சொல்லு. அது இல்லாம வந்தா ஒங்க வீட்டுக் கடுதாசி மாதிரி இருக்காது,” என்றார் அண்ணன். பிறகு இவரைப் பார்த்து, “சிலை, ஜெபமாலைன்னு இல்லாததாப் பாத்து வைங்க, மாப்பிள,” என்றார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து சேர்ந்த அன்றே எழுதினேன். இவர் டிராயரிலிருந்து ஒரு பிரதியை எடுத்து வந்து என்னிடம் கொடுத்தார். அதை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துப் பார்த்துவிட்டுத்தான் உறைக்குள் வைத்தேன்.